அந்த ட்யூபைக் கொண்டுவரச் சொல்லுங்கள்

டாக்டர் மேடம், வணக்கம்.

பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஆறு வருடம் வார்டில் வேலை பார்த்தேன். குழந்தை பிறந்த பிறகு நைட் ட்யூட்டி முடியவில்லை. தோல் அழகு சிகிச்சை கிளினிக் ஒன்றில் பேஷன்ட் கவுன்சலர் வேலை இருக்கிறது. பாதி நாள் அங்கே, மீதி வீட்டிலிருந்து போனில் பேசினால் போதுமாம். சம்பளம் குறைவு, பேக்கேஜ் விற்றால் கமிஷன். பத்து நாள் காஸ்மெட்டாலஜி டிப்ளமோ முடித்தால் லேசரும் நானே போடலாம் என்கிறார்கள். சேரலாமா? வருகிறவர்களில் பாதிப் பேர் ‘கலர் வரணும்’ என்றுதான் கேட்பார்களாம். அவர்களிடம் என்ன பேசுவது?

க., தண்டையார்பேட்டை

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிற விஷயம் அது.

டிப்ளமோ வேண்டாம். ஆறு வருடம் வார்டில் நின்ற நீங்கள் இதை நம்பலாமா? டாக்டர் எழுதாமல் ஒரு ஆன்டிபயாடிக் ஊசியாவது போட்டிருப்பீர்களா? பத்து நாள் சான்றிதழ், லேசரைச் சொந்தப் பொறுப்பில் தொடும் உரிமையைத் தராது. தோல் நிறத்தை ஆறாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவில், நம் ஊர்த் தோல் பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் வகை. முடி நீக்கும் லேசரில், முடிவேரின் கருநிறமியான மெலனினைத் தேடிப் போகும் ஒளி, மேல்தோலில் இருக்கும் மெலனினிலேயே சிக்கினால் தோல் வெந்துபோகும். கருத்த தோலுக்கு, மேல்தோல் மெலனினில் குறைவாகச் சிக்கும் 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரை விரும்புவதும், அதிகம் சிக்கும் 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட் என்றால் தயங்குவதும் அதனால்தான். அந்த முடிவு டாக்டருடையது. லேசருக்கு முன்னால் வேக்ஸிங் செய்தால் வேரே போய்விடும், ஷேவ் மட்டும் செய்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புவது உங்களுடையது.

கமிஷனும் வேண்டாம். உதட்டோரம் ஹெர்பிஸ் கொப்புளத்தோடு, ஆசிட் தடவி மேல்தோலை உரிக்கிற பீலிங்குக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பினால் உங்கள் வருமானம் குறையும் என்றால், அந்த ஏற்பாடே தப்பு. நிலையான சம்பளம் கேளுங்கள், குறைவாக இருந்தாலும்.

இனி கலர். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் எடுத்து, மதியம்வரை வெயிலில் கூடையோடு உட்காரும் அக்கா ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். இரண்டு கன்னத்திலும் மங்கு. மகள் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கிறது. கிளினிக்கில் உங்களிடம் ரேட் கார்டை நீட்டச் சொல்வார்கள். அதை மூடி வைத்துவிட்டு, அவரை ஜன்னல் பக்கம் உட்காரவையுங்கள். “ஸ்டீராய்டு போடுறீங்களா?” என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்வார். இப்படிக் கேளுங்கள்: “மூஞ்சிக்கு இன்னா தடவுறக்கா? யாரு குடுத்தது? எத்தினி மாசமா? ரெண்டு நாளு வுட்டா இன்னா ஆவுது?”

“வுட்டா எரியுதும்மா” என்று பதில் வந்தால் அங்கேயே நில்லுங்கள். கிட்டத்தில் பாருங்கள். கன்னம் சிவந்து, தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து, நூல் நூலாக ரத்தக் குழாய் தெரியும். முன்பில்லாத பூனைமுடி, பொடிப்பொடியாகப் பரு. அவர் வெயில் மங்கு என்று நினைத்து வந்திருப்பார். உங்கள் எதிரே இருப்பது மங்கின்மேல் க்ரீம் செய்த கேடு.

அந்த ட்யூபைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டில் இருந்தால் பிள்ளைகளை விட்டு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெதசோன், க்ளோபெட்டசோல், ஃப்ளூவோசினோலோன் இவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. கூடவே ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் இருந்தால் அது மூன்று மருந்துக் கலவை. மங்குக்கு டாக்டர்கள் எழுதுவதுதான், ஆனால் சில வாரங்களுக்கு, பார்வையில் வைத்துக்கொண்டு. அதை மூன்று வருடம் பவுடருக்குப் பதிலாகப் பூசுகிறார்கள். 2018இல் இந்த ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது. இன்றும் கேட்டால் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. பெயரே இல்லாத வெள்ளை டப்பா என்றால் இன்னும் மோசம். அதில் பாதரசம் இருக்கலாம், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இதைக் கேட்காமல் பேக்கேஜ் போட்டால் என்ன ஆகும்? நல்ல தோலில் மேலோட்டமாக உரிக்கிற 30 சதவீத கிளைகாலிக் ஆசிட், மெலிந்த தோலில் ஆழமாக இறங்கிவிடும். சோடா பைகார்பனேட் தொட்டு நிறுத்துவதற்குள் புண். புண் ஆறிய இடம் முன்பைவிடக் கருக்கும், மாதக்கணக்கில் போகாது. கல்யாண போட்டோவில் அந்த முகத்தோடுதான் நிற்பார். அவரை அந்த நிலையில் நிறுத்தியவர் நீங்கள்தான்.

அதற்காக “இன்னிக்கே தூக்கிப் போடுங்க” என்றும் சொல்லிவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் முகம் வீங்கிச் சிவந்து, பயந்துபோய் மறுபடி அதே க்ரீமுக்கு ஓடுவார். எப்படிக் குறைப்பது என்று டாக்டர் சொல்லட்டும். காசுக்கு வழியில்லை என்றால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்கு வழி சொல்லி அனுப்புங்கள். நீங்கள் சொல்லித்தர வேண்டியது சன்ஸ்கிரீன்: இரண்டு விரல் நீளம் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும், வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. மங்குக்கு அயர்ன் ஆக்சைடு சேர்ந்த, லேசாக நிறமுள்ள வகை நல்லது, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் அது தடுக்கும். மேலே ஒரு குடையும் வேண்டும்.

வீட்டிலிருந்து வேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். முடியும். பீலிங், லேசர் முடிந்தவர்களை மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் கூப்பிட்டு எரிச்சல், கொப்புளம், நிற மாற்றம் கேட்டுக் குறித்துவைப்பது முழுக்கப் போன் வேலை. சாயங்காலம் குழந்தை தூங்கிய பிறகும் செய்யலாம். போனில் மருந்துப் பெயர் மட்டும் சொல்லாதீர்கள். 2020 தொலைமருத்துவ விதிகளின்படி அது பதிவு பெற்ற டாக்டரின் வேலை.

இன்டர்வியூவுக்குப் போகும்போது அந்த கிளினிக்கின் நோயாளிப் படிவத்தை ஒரு தாள் கேட்டு வாங்கிப் பாருங்கள். கர்ப்பம், பருவுக்குச் சாப்பிடும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை, தழும்பு தடிக்கும் குணம், ஹெர்பிஸ் எல்லாம் அநேகமாக அச்சில் இருக்கும். ‘இப்போது முகத்தில் தடவுவது என்ன’ என்ற வரி இல்லாவிட்டால், வேலையில் சேரும் முதல் நாளே பேனாவால் எழுதிச் சேருங்கள்.