தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதி வாடகை வீட்டுக் குழாய்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் 1960களில் கட்டிய வீடு ஒன்றை வாடகைக்கு விட வாங்கியிருக்கிறேன். காலையில் முதலில் வரும் நீர் செந்நிறமாக இருக்கிறது. குழாய்களைக் கழுவிவிட்டால் போதுமா?

பதில்: போதாது. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள் அறுபது ஆண்டில் உள்ளே துருவேறி அடைபட்டிருக்கும். ஒழுகும் இடத்தை மட்டும் வெட்டிச் செம்புக் குழாய் சேர்க்க ஒப்புக்கொள்ளாதீர்கள். செம்பைக் கடந்து வரும் நீர் அடுத்துள்ள இரும்பை இன்னும் விரைவாக அரிக்கும். முழுவதையும் மாற்றி, வேலை விதிமுறைப்படி நடந்தது என்று பிளம்பர் தரும் இணக்கச் சான்றிதழைக் கையில் வாங்கிய பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.

கேள்வி: பீனிக்ஸ் வீட்டின் தண்ணீர்க் கட்டணம் இரு மடங்காகிவிட்டது. குடியிருப்பவர்தான் காரணமா?

பதில்: மீட்டர் அளவு ஒன்றைக்கூட எழுதாமல் ஒருவர்மீது பழி சுமத்துவது முறையன்று. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைக் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் கசிவு உண்டு; கழிப்பறைத் தொட்டியிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

கேள்வி: வெருலம் வீட்டில் கீசரின் வெளிக்குழாய் சொட்டிக்கொண்டிருந்ததால், குடியிருப்பவரின் மைத்துனர் அதன் வாயை மூடி போட்டு அடைத்துவிட்டார். இப்போது சொட்டவில்லை. இப்படியே விடலாமா?

பதில்: விடவே கூடாது. முதலில் மின்பலகையில் கீசரின் சுவிட்சை அணையுங்கள். தகுதி பெற்ற பிளம்பர் வந்து பார்க்கும்வரை அதைப் போடாதீர்கள். 150 லிட்டர் நீர் 60 பாகை வரை சூடாகும்போது ஏறத்தாழ இரண்டு லிட்டர் பெருகுகிறது. அந்த மிகுதி அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வின் குழாய் வழியே வெளியே சொட்டுவது இயல்பானது, பழுதன்று. ஆனால் பாதுகாப்பு வால்வின் குழாயில் நீர் வந்தால், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகி நீர் 90 பாகையைத் தாண்டியிருக்கலாம், அல்லது அழுத்தம் மிகுந்திருக்கலாம். எந்தக் குழாய் என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாயினும், வெளியேறும் வழியை அடைத்த கீசரில் தெர்மோஸ்டாட்டும் கைவிட்டால், கலம் வெடித்து, உள்ளிருக்கும் நீரில் ஒரு பங்கு நொடியில் நீராவியாகிக் கூரையையே தூக்கி எறியும். கீழே மனிதர்கள் உறங்குகிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். எத்தனை முறை எழுதியும் இதே கடிதம் திரும்பத் திரும்ப வருவது எனக்கு மிகுந்த வேதனையளிக்கிறது. கீசரைப் பொருத்துவதற்கு எஸ்ஏஎன்எஸ் 10254 என்னும் தென்னாப்பிரிக்கத் தேசியத் தர விதிமுறை இருக்கிறது. அடியில் தட்டும், அதன் நீர் வீட்டுக்கு வெளியே போகும் குழாயும் உள்ளனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழை வாங்குங்கள். அது இல்லாவிட்டால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும்.

கேள்வி: டோங்காட் வீட்டில் கூடுதலாக ஒரு குளியலறை கட்ட வரைபட ஒப்புதல் தேவையா?

பதில்: தேவை. ஒப்புதலின்றிக் கட்டினால் விற்கும்போது சிக்கல் வரும்.

கேள்வி: குடியிருந்தவர் போன பின் உடைந்த கைகழுவுத் தொட்டியைப் பார்த்தேன். முன்பணத்தில் கழிக்கலாமா?

பதில்: அவர் வெளியேறும்போது இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்வையிட்டீர்களா? நீங்கள் அதைச் செய்யத் தவறியிருந்தால், வீடு நல்ல நிலையில் இருந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக 1999ஆம் ஆண்டின் வாடகை வீட்டுச் சட்டம் கொள்ளும். முன்பணம் முழுவதையும் வட்டியுடன் திருப்பித் தர வேண்டும்.