அவிட்டத்தில் பேத்திக்கு ஒரு நட்சத்திரம் வாங்கலாமா?

கேள்வி: என் பேத்தி அவிட்டம். அந்த நட்சத்திரக் கூட்டத்திலேயே ஒரு நட்சத்திரத்துக்கு அவள் பெயரைப் பதிவு செய்து சான்றிதழ் அனுப்புவதாக இணையத்தில் ஒரு விளம்பரம் வருகிறது. பணம் கட்டினால் அந்தப் பெயர் செல்லுமா?

பதில்: செல்லாது. கட்டாதீர்கள்.

நட்சத்திரப் பெயர்களை முறைப்படி அங்கீகரிப்பது சர்வதேச வானியல் ஒன்றியம். 2016இல் இதற்கென்றே ஒரு குழு அமைத்துப் பழைய பெயர்களைச் சரிபார்த்துப் பட்டியல் போட்டு வருகிறார்கள். ஒன்றியம் பெயரை விற்பதில்லை, விற்க யாருக்கும் உரிமம் கொடுத்ததும் இல்லை. உங்களுக்கு வரப்போவது அந்த நிறுவனம் தானே வைத்திருக்கும் பதிவேட்டின் ஒரு பக்கம், கெட்டியான காகிதத்தில். அதே நட்சத்திரத்தை நாளைக்கு இன்னொரு கடைக்காரர் இன்னொரு தாத்தாவுக்கு விற்றால் கேட்க ஆளில்லை.

இவர்களுடைய வார்த்தைகளைக் கவனியுங்கள். 'பதிப்புரிமை பெற்றது' என்பார்கள். அது அவர்கள் அச்சிட்ட புத்தகத்துக்கான உரிமை, வானத்துக்கு அல்ல. 'பன்னாட்டுப் பதிவகம்' என்று பலகை மாட்டிக்கொள்வார்கள். அவர்கள் விற்கும் நட்சத்திரத்தின் ஒளி அளவு என்னவென்று கேட்டுப் பாருங்கள். எண் கூடக் கூட மங்கல், 6 தாண்டினால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பத்து, பதினொன்று என்று ஏதோ ஒரு புள்ளியைத் தள்ளிவிடுவதுதான் இந்த வியாபாரம். ஒன்றியமோ 'எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று ஓர் அறிவிப்பு போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது, அந்த அறிவிப்பைத் தேடிப் படித்துவிட்டா மக்கள் பணம் கட்டுகிறார்கள்?

ஒருவர் பெயர் மேலே ஏறியதும் உண்டு, அதுவும் நீங்கள் கேட்கிற அவிட்டத்திலேயே. 1814இல் இத்தாலியின் பலேர்மோ வானாய்வகம் வெளியிட்ட பட்டியலில், நம் அவிட்டம் அடங்கிய டெல்பினஸ் கூட்டத்தின் இரண்டு நட்சத்திரங்களுக்குச் சுவாலோசின் (Sualocin), ரோட்டனெவ் (Rotanev) என்று யாருக்கும் புரியாத பெயர்கள் இருந்தன. அரபியா, கிரேக்கமா என்று பலரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1859இல் தாமஸ் வெப் என்பவர் ரோமன் எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்துப் பார்த்தார்: நிக்கோலாஸ் வெனேட்டர் (Nicolaus Venator). அங்கே உதவியாளராக இருந்த நிக்கோலோ காச்சதோரே தன் பெயரை லத்தீனில் எழுதினால் வருவது அதுதான். ஒன்றியமும் கடைசியில் இரண்டையும் ஏற்றுக்கொண்டுவிட்டது! ஆனால் அவர் இருந்தது வானாய்வகத்துக்குள், அவர் பெயர் ஏறியது வானியலாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் புரட்டிய பட்டியலில். விளம்பரக்காரர் பட்டியலை எந்த வானியலாளரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

அந்த ரோட்டனெவ்தான் நம் அவிட்டக் கூட்டத்தில் பிரகாசமானது. அவிட்டத்துக்குப் பழைய நூல்களில் சிரவிஷ்டா, அப்புறம் தனிஷ்டா என்று பெயர். ரோட்டனெவ் இருப்பது சுமார் நூறு ஒளியாண்டு தூரத்தில். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் உண்மையில் இரண்டு, ஏறக்குறைய 27 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன, இரண்டுமே நம் சூரியனைவிடக் கொஞ்சம் கனமானவை. (ஜாதகத்தில் அவிட்டம் என்றால் பிறந்தபோது சந்திரன் அவிட்டம் என்று பெயரிட்ட வானப் பாகத்தில் இருந்தது என்றுதான் பொருள்; இந்த நட்சத்திரங்கள் சந்திரன் போகும் பாதையிலிருந்து வடக்கே வெகுதூரம் தள்ளி இருப்பவை.)

பேத்திக்கு இதைக் காட்டுங்கள், காசு வேண்டாம். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை முன்னிரவில், இரு பக்கமும் சிறு நட்சத்திரங்களோடு பளிச்சென்று நிற்கும் திருவோணத்தைப் பிடியுங்கள். கையை நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலத்துக்குச் சற்று அதிகமாக, கிழக்கே, லேசாக வடக்கு ஒதுங்கி, நாலு நட்சத்திரம் சின்னச் சாய்சதுரமாக நெருங்கி நிற்கும். தெருவிளக்கு வெளிச்சத்தில் தெரியாவிட்டால் சாதாரண பைனாகுலர் போதும்.

ஏற்கெனவே முன்பணம் ஏதும் கட்டியிருந்தால், இன்றைக்கே எழுத்தில் ரத்து செய்யச் சொல்லுங்கள். பிரேம் போட்ட சான்றிதழ் வீட்டுக்கு வந்துவிட்டால், 'உங்கள் பெயரைப் போட்டு அச்சடித்துவிட்டோமே' என்று கையை விரிப்பார்கள்.