ஊசி குத்தியதை எழுதிக் கொடுக்கலாமா?

காரைக்குடியில் தனியார் மருத்துவமனை ஒன்றில் பணிபுரியும் செவிலியர் ஒருவர் கேட்கிறார்: "இரவுப் பணியில், இன்சுலின் போட்ட ஊசிக்கு மூடி மாட்டும்போது விரலில் குத்திவிட்டது. பயன்படுத்திய ஊசிகளைப் போடும் டப்பா நிரம்பியிருந்தது. இரண்டு வாரமாகிறது. எழுதிக் கொடுத்தால் என் கவனக்குறைவு என்றுதான் முடிப்பார்கள் என்று இன்சார்ஜ் சிஸ்டர் தடுக்கிறார். என்ன செய்வது?"

அன்புச் சகோதரி, எழுதிக் கொடுங்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் உடல்நலத்தைப் பாருங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள், தவறினால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். அந்தக் கெடு கடந்துவிட்டது. அதற்காகக் கலங்க வேண்டாம். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசியே குத்தினாலும் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்குத்தான் தொற்றுகிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி அதைவிட எளிதில் தொற்றும் என்பதால், அதற்கான தடுப்பூசியின் 3 தவணைகளையும் போட்டுக்கொண்டீர்களா என்று மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது.

இன்சார்ஜ் சிஸ்டர் உங்கள்மேல் உள்ள அக்கறையால் தடுத்திருக்கலாம். ஆயினும் அந்த யோசனையை ஏற்காதீர்கள். பின்னாளில் தொற்று தெரியவந்தால், அது பணியில் நேர்ந்தது என்பதற்கு உங்கள் கையில் இருக்கப்போவது அந்த ஒரு தாள் மட்டுமே.

சம்பவம் நடந்த நாள், நேரம், வார்டு, எந்த ஊசி, எந்த விரல், கையுறை இருந்ததா, காயத்தைக் கழுவினீர்களா, யாரிடம் சொன்னீர்கள் என்பவற்றை நடந்தது நடந்தபடி எழுதுங்கள். "என் கவனக்குறைவால்" என்றும் எழுத வேண்டாம், பிறரைக் குற்றம் சாட்டவும் வேண்டாம். டப்பா நிரம்பியிருந்தது என்பதைத் தவறாமல் குறிப்பிடுங்கள்; முக்கால் பங்கு நிரம்பியதுமே அதை மூடி மாற்றியிருக்க வேண்டும் என்பதால், அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நாளை இன்னொரு பெண்ணின் விரலில் குத்தும். தாமதமானதை மறைக்க முன்தேதியிடாதீர்கள். நட்டத்தையும் அன்றைய தேதியிலேயே கணக்குப் பேரேட்டில் ஏற்றிய வணிகர்களின் ஊர் நம்முடையது. ஆகவே சம்பவத் தேதியையும் எழுதும் தேதியையும் தனித்தனியே குறியுங்கள்.

எச்.ஐ.வி. தொற்று அபாயமுள்ள பணியிடங்களில் பாதுகாப்பு வசதிகளையும், இப்படிக் காயம்பட்டவர்களுக்குத் தடுப்பு மருந்தையும் நிர்வாகமே தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம். அறிக்கையை நர்சிங் சூப்பிரண்டிடம் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள். வாங்க மறுத்தால், ஒப்படைத்ததற்கான சான்றுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) நிர்வாகத்துக்கு அனுப்பி, ரசீதை வீட்டில் வையுங்கள்.