கைக்கோடாரி, விறகு, நெருப்பு: கேள்வி பதில்

விறகுக்கடை நடத்திய குடும்பத்தில் வளர்ந்தவன் நான். இப்போது மலையடிவாரத் தோட்டம் ஒன்றில், முகாமுக்கு வருகிறவர்களுக்கு விறகு பிளக்கவும் அடுப்பு மூட்டவும் கற்றுக்கொடுக்கிறேன். கூடாரத்தைப் பற்றியும் தூங்குபையைப் பற்றியும் வேறு யாரையாவது கேளுங்கள். கோடாரியைப் பற்றி என்னைக் கேட்கலாம்.

ஓசூரிலிருந்து ஒருவர்: ஐயா, குடும்பத்தோடு காரில் போய்த் தனியார் தளங்களில் முகாம் போடுகிறோம். எந்த அளவுக் கைக்கோடாரி வாங்குவது?

உங்களுக்கு விறகு எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது அது. தனியார் தளங்களில் பெரும்பாலும் அவர்களே கட்டு விறகு தருவார்கள். சவுக்கோ சீமைக்கருவேலமோ, முழ நீளத்துக்கு வெட்டியே இருக்கும். ஆக, உங்களுக்கு மரம் வெட்டும் வேலை இல்லை. தடித்த விறகை விரல் தடிமனுக்குப் பிளக்கும் வேலைதான் இருக்கிறது. அதற்குத் தலை 500 முதல் 700 கிராம் வரை இருந்தால் போதும். காம்பு 35 சென்டிமீட்டர் இருப்பதைத்தான் கடைகளில் கைக்கோடாரி என்று காட்டுவார்கள். காரில் போகிறவர் நீங்கள், இடப் பஞ்சம் இல்லை. 45 முதல் 50 சென்டிமீட்டர் வரை காம்புள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தேவைப்பட்டால் இரண்டு கையாலும் பிடிக்கலாம். காரணத்தை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

மதுரை வாசகி: பெரிய கோடாரியைக் கண்டால் பயமாக இருக்கிறது. சின்னது பாதுகாப்பானதுதானே அண்ணா?

இல்லை அம்மா, நேர் எதிர். நீளக் காம்புக் கோடாரி குறி தவறினால் பெரும்பாலும் உங்களுக்கு முன்னால் தரையில் போய்க் குத்தும். குட்டைக் காம்பு குறி தவறினால் அதன் வட்டம் உங்கள் முழங்காலிலோ கணுக்காலுக்கு மேலேயோ வந்து முடியும். எடை குறைவு என்பதால் ஒரு கையால் வீசத் தோன்றும். மற்றொரு கை சும்மா இருக்காமல் விறகைப் பிடித்துக்கொண்டு நிற்கும். விரல் போவது அப்படித்தான்.

ஆகவே கைக்கோடாரியை எடுத்தால் நின்றுகொண்டு வேலை செய்யாதீர்கள். விறகை மேலே வைத்துப் பிளக்கும் அடிக்கட்டையை முன்னால் வைத்து மண்டியிடுங்கள். அப்போது தவறிய வெட்டு கட்டையிலோ மண்ணிலோ இறங்கும். தொடங்குமுன் கோடாரியைக் கையில் பிடித்துக் கையை நீட்டி, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். அந்த வட்டத்துக்குள் ஆளோ கொடிக்கயிறோ கூடாரக் கயிறோ இருக்கக் கூடாது. தலைக்கு மேலேயும் பார்க்க வேண்டும். கால்சட்டை முழு நீளம், காலில் மூடிய காலணி. ரப்பர் செருப்போடு விறகு பிளக்க வருகிறவர்களை நான் பாத்திரம் கழுவ அனுப்பிவிடுவேன்.

திருநெல்வேலிக்காரர்: எங்கள் ஊரில் அரிவாளே எல்லா வேலையும் செய்கிறதே?

செய்யும். முள் கழிக்க, கிளை சீவ, மூங்கில் பிளக்க, இளநீர் சீவ அரிவாளை மிஞ்ச ஒன்றும் இல்லை. திருப்பாச்சேத்தி அரிவாள் வீட்டில் இருந்தால் கைக்கோடாரியை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். வைரம் பாய்ந்த கட்டையைப் பிளக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். அரிவாளின் மெல்லிய அலகு மரத்துக்குள் சிக்கி நின்றுவிடும். கோடாரியின் தடித்த கன்னம் ஆப்பு போல உள்ளே போய் இரு பக்கமும் நெட்டித் தள்ளும்.

கோயம்புத்தூர் இளைஞர்: வெளிநாட்டுக் கோடாரிக்கு அவ்வளவு விலை கொடுக்கலாமா, பட்டறையில் அடித்து வாங்கலாமா?

பின்லாந்தின் பிஸ்கார்ஸ் கைக்கோடாரியில் காம்பு கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக். தலை கழன்று பறக்கும் பயம் இல்லை. ஆனால் காம்பு உடைந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். அமெரிக்காவின் எஸ்ட்விங் தலையும் காம்பும் ஒரே எஃகு. சாகாவரம் பெற்றது, மணிக்கட்டுக்குத்தான் அதிர்ச்சி ஏறும். ஸ்வீடனின் கிரான்ஸ்போர்ஸ் கையால் அடித்த தலையும் ஹிக்கரி மரக் காம்பும் கொண்டது. நல்ல பொருள். ஆனால் மாதம் ஒருமுறை சுள்ளி உடைக்கிறவருக்கு அது நகை வாங்குகிற கணக்கு.

உள்ளூர்ப் பட்டறையில் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்த தலை கிடைத்தால் நான் அதைத்தான் வாங்குவேன். எஃகு நல்ல எஃகு. கொல்லர் துவைச்சலை, அதாவது காய்ச்சித் தோய்த்துப் பதமேற்றுவதை, சரியாகச் செய்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி. ஒரு சின்ன அரத்தை எடுத்துப்போய், அவர் அனுமதியோடு வாயின், அதாவது வெட்டும் விளிம்பின், ஓரத்தில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். வெண்ணெயில் போவதுபோல் அரம் இறங்கினால் இரும்பு மென்மை, கூர் நிற்காது. கண்ணாடியில் போவதுபோல் வழுக்கினால் மிகக் கடினம். கணுவில் பட்டதும் வாய் சில்லு பெயரும். கொஞ்சம் முரண்டு பிடித்துக் கடித்தால் அதை எடுங்கள்.

காம்பைப் பார்க்கும் விதம் இது: தலையை மேலே வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு காம்பின் நீளத்துக்குப் பாருங்கள். வாயின் கோடும் காம்பின் நடுக்கோடும் ஒரே நேரில் இருக்க வேண்டும். பிறகு காம்பின் அடிமுனையைத் திருப்பினால் மரத்தின் ரேகைகள் தெரியும். அவை வாயின் திசையிலேயே ஓடினால் நல்லது. குறுக்கே ஓடினால் அந்தக் காம்பு ஒருநாள் முறியும். பளபளவென்று பெயின்ட் அடித்த காம்பு வேண்டாம். பெயின்ட்டுக்கு அடியில் கணு இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்பது தெரியாது. நம் ஊர்க் காம்புக்குக் கருவேலமும் புளியும் நம்பிக்கையானவை.

ஈரோட்டிலிருந்து: தலை ஆடுகிறது. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டால் இறுகும் என்கிறார் தாத்தா.

இறுகும், இரண்டு நாளைக்கு. தண்ணீரில் மரம் உப்பும்போது, கோடாரியின் கண்ணுக்குள் (தலையில் காம்பு நுழையும் துளை) விரிய இடமில்லாமல் நார் நசுங்குகிறது. காய்ந்ததும் முன்பிருந்ததைவிடச் சுருங்கும், தலை இன்னும் அதிகமாக ஆடும். வயல் வேலையில் தினமும் நனைகிற கருவிக்குத் தாத்தா சொன்னது ஒத்துவரும். அலமாரியில் காய்கிற கருவிக்கு ஒத்துவராது. காம்பின் மேல்முனையில் இருக்கும் பழைய ஆப்பைப் பிடுங்கிவிட்டுத் தடித்த ஆப்பாக அடியுங்கள். பிறகு காம்புக்கு ஆளிவிதை எண்ணெய் தடவுங்கள். தடவிய துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவையுங்கள்.

ஆடுகிற தலையோடு "இந்த ஒரு கட்டை மட்டும்" என்று தொடராதீர்கள்.

சென்னை வாசகர்: விறகைச் செங்குத்தாக நிறுத்தி ஓங்கி அடித்தால் சரிந்து விழுகிறது. பிடித்துக்கொண்டு அடிக்கவும் பயம்.

ஓங்கவே வேண்டாம் சார். கோடாரியின் வாயை விறகின் மேல்முனையில் பதித்து வையுங்கள். முனையில் ஏற்கெனவே வெடிப்பு இருந்தால் அதிலேயே வையுங்கள். மரம் எங்கே பிளக்கச் சம்மதிக்கிறது என்று அதுவே காட்டுகிறது. பிறகு ஒரு கையில் காம்பும் மறு கையில் விறகின் கீழ்ப்பகுதியுமாக இரண்டையும் சேர்த்துத் தூக்கி, அடிக்கட்டை மேல் 'டொக்' என்று தட்டுங்கள். வாய் கொஞ்சம் இறங்கும். இன்னும் இரண்டு தட்டு. நன்றாகப் பிடித்ததும் விறகிலிருந்து கையை எடுத்துவிட்டு, காம்பைப் பக்கவாட்டில் திருகினால் சிலாம்பு பறக்கப் பிளந்துவிடும். சுள்ளித் தடிமனுக்கு இந்த வழியில் அரை மணி நேரம் வேலை செய்தாலும் வீச்சு என்று ஒன்று இருக்காது.

தடித்த கட்டையென்றால் வாயைப் பதித்துவிட்டு, கோடாரியின் முதுகில் ஒரு விறகுக்கட்டையால் அடியுங்கள். சுத்தியலால் அடிக்கக் கூடாது; இரும்பில் இரும்பு மோதினால் சில்லு தெறித்துக் கண்ணில் பாயும், கோடாரியின் கண்ணும் நெளியும். உருண்டைக் கட்டையை நடுவில் தாக்காமல் ஓரத்திலிருந்து சீவிச் சீவிக் குறையுங்கள். கணு நிறைந்த முறுக்குக் கட்டையோடு மல்லுக்கு நிற்காதீர்கள். முழுதாக நெருப்பில் வையுங்கள், விடியும்வரை கங்கு இருக்கும்.

குறுக்கே துண்டாக்க வேண்டுமா? அதற்குக் கைரம்பம் எடுத்துப் போங்கள்.

சேலம்: சாணை பிடிப்பவரிடம் கொடுக்கலாமா?

சக்கரத்தை மிதித்து மெதுவாகச் சுற்றுகிறவராக இருந்தால் கொடுக்கலாம். மின்சாரக் கிரைண்டரில் தீப்பொறி பறக்கத் தேய்ப்பவரிடம் வேண்டாம். வாய் ஓரம் நீலம் பாரித்தால் அங்கே சூடு ஏறக்குறைய 300 டிகிரிக்குப் போய்விட்டது, பதம் இறங்கிவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் பிறகு கூர் நிற்காது. வீட்டிலேயே செய்யலாம். கோடாரியைப் பலகையில் இறுக்கிக் கட்டிக் கையுறை போட்டுக்கொண்டு, அரத்தை ஒரே திசையில் தள்ளுங்கள். பிறகு சாணைக்கல்லில் வட்டம் வட்டமாகத் தேயுங்கள். சவர பிளேடு மாதிரி மெலிதாக்க வேண்டாம். இரண்டு பக்கமும் சேர்த்து 30 டிகிரி அளவில் இருந்தால் போதும்.

விழுப்புரம் வாசகி: எந்த விறகு நல்லது? எதை எரிக்கக் கூடாது?

சவுக்குக்கு நிகர் சவுக்கு. சீமைக்கருவேலமும் நின்று எரியும், கங்கு நல்லது. முள்ளை மட்டும் கவனியுங்கள். முருங்கை, இலவம் போன்ற நொய்ந்த மரங்கள் காகிதம் மாதிரிப் பற்றிப் போய்விடும். மூட்ட உதவும், சமைக்க உதவாது. காய்ந்ததா என்று அறிய இரண்டு விறகை ஒன்றோடொன்று தட்டுங்கள். கணீர் என்றால் காய்ந்தது, மொத்து மொத்து என்றால் ஈரம்.

அரளியைத் தொடவே வேண்டாம். இலை, தண்டு, பூ எல்லாமே விஷம். புகையும் கெடுதல், அதன் குச்சியில் கறி கோத்துச் சுடவும் கூடாது. சேராங்கொட்டை மரத்தையும் விட்டுவிடுங்கள். பால் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும்.

கம்பத்திலிருந்து: காட்டில் காய்ந்து கிடப்பதை எடுக்கலாம் அல்லவா?

காப்புக்காட்டில் கூடாது. 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் அங்கே மரம் வெட்டுவதையும் தீ மூட்டுவதையும் தடுக்கிறது. உங்கள் பக்கத்திலேயே, 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கி இறந்ததை நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. கோடைக்காலத்தில் காய்ந்த புல் நிற்கும் மலையில் அனுமதி கிடைத்தாலும் நான் நெருப்பு வைக்க மாட்டேன். சொந்தத் தோட்டத்திலோ, அனுமதியுள்ள தளத்திலோ மூட்டுங்கள். அணைக்கும்போது தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றிப் புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னொரு குடம்.

திருச்சி: விமானத்தில் எடுத்துப் போகலாமா?

கையோடு கொண்டுபோகும் பையில் முடியாது. உறையிட்டுச் சுற்றி, சரக்காக ஒப்படைக்கும் பெட்டியில் வையுங்கள்.

தஞ்சாவூர் வாசகி: வெட்டுப்பட்டால் காபித்தூள் வைப்பது சரியா?

வேண்டவே வேண்டாம். மஞ்சளும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். மருத்துவமனையில் அதைச் சுரண்டி எடுப்பதற்குள் நீங்கள் படும் பாடு பெரிது. சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று நடுவில் திறந்து பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று வையுங்கள். ஆழமான வெட்டு என்றால் அழுத்திக்கொண்டே 108-ஐ அழையுங்கள். சின்னக் காயத்துக்கும் டெட்டனஸ் ஊசியை மருத்துவரிடம் கேளுங்கள்.

நாகர்கோவில்: இரவில் கோடாரியை அடிக்கட்டையில் கொத்தி வைத்துவிட்டுத் தூங்கலாமா?

வேலைக்கு நடுவே தேநீர் குடிக்கப் போகும்போது கொத்தி வைக்கலாம். இரவில் கூடாது: பனியில் வாய் துருப்பிடிக்கும், இருட்டில் யாராவது இடறுவார்கள். துடைத்துத் தேங்காயெண்ணெய் ஒரு துளி தடவி உறையில் போட்டுக் காரில் வையுங்கள். உறை இல்லையென்றால் பழைய தோட்டக் குழாயை வாயின் நீளத்துக்கு நறுக்கி, நீளவாக்கில் கீறி மாட்டுங்கள். சைக்கிள் டியூபால் கட்டினால் கழலாது.