28–210 ரெஞ்ச் ஒன்றே போதுமா?

கேள்வி: பைக்குக்கு வீட்டிலேயே ஆயில் மாற்றியபோது பழைய ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டை அழுத்தி இறுக்கி மரை போய்விட்டது. சின்ன காரும் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் எவ்வளவு இறுக்கம் என்று அளவு வைத்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்றை (சாக்கெட் மாட்டும் முனை அரை இஞ்ச், அளவு 28–210 நியூட்டன் மீட்டர்) காட்டி, ‘ரெண்டுக்கும் இதே போதும், சர்டிஃபிகேட்டும் இருக்கு’ என்கிறார்கள். வாங்கலாமா? – பர்கூர் வாசகர்

வாங்காதீர்கள். மரையைக் காவு வாங்கிய அந்த போல்ட்டுக்கே அது உதவாது. பைக் ட்ரெயின் போல்ட் பெரும்பாலும் 20–30 நியூட்டன் மீட்டருக்குள் வரும். அந்த ரெஞ்ச் தொடங்குவதே 28இல். தவிர, வைத்த அளவு வந்ததும் ‘க்ளிக்’ என்று சத்தம் தரும் இந்த வகை ரெஞ்சை அதன் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே நம்பக் கூடாது. 210க்கு அது 42.

உங்களுக்கு வேண்டியது மூணு நூல், அதாவது 3/8 இஞ்ச், 20–110 அளவுள்ளது. சின்ன கார்களின் வீல் நட்டும் அநேகமாக அதற்குள் அடங்கிவிடும். ஆனால் முதலில் லேத் பட்டறையில் ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே பொருத்தும் கம்பிச் சுருள்) போட்டு மரையைச் சரிசெய்யுங்கள். தேய்ந்த மரையில் க்ளிக் வரவே வராது, போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும்.

எந்த ரெஞ்ச் என்றாலும், அளவு சரி என்று சொல்லும் அதன் சர்டிஃபிகேட்டை வாங்கிப் பாருங்கள். ரெஞ்சின் மேல் பொறித்த சீரியல் எண் தாளிலும் இருக்க வேண்டும். உச்ச அளவில் 20, 60, 100 சதவீதத்தில் எடுத்த ரீடிங்குகள் எண்களாக இருக்க வேண்டும். ‘ஓகே’ என்று ஒரு சீல் மட்டும் என்றால் அது ஜெராக்ஸ் கடைச் சரக்கு. ‘ஓசூரில் கொடுத்து காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) செய்து தருகிறேன்’ என்று ரெஞ்சை வாங்கிப்போகும் கமிஷன் ஆட்களிடமும் உஷார். சிலர் ஸ்டிக்கரை மட்டும் மாற்றி ஒட்டித் திருப்பித் தருவார்கள். சோதனைக் கூடங்களுக்கான தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரமுள்ள கூடத்துக்கு நீங்களே நேரில் கொண்டுபோங்கள்.

சரி, எத்தனை நியூட்டன் மீட்டர் வைப்பது? இங்கேதான் எனக்குக் கோபம் வரும். பல பைக்குகளோடு தரும் புத்தகத்தில் ஹெல்மெட் போடு, ஹார்ன் அடிக்காதே என்று பக்கம் பக்கமாக இருக்கும். ட்ரெயின் போல்ட் எண் இருக்காது. அது டீலரிடம் இருக்கும் சர்வீஸ் மேனுவலில். காசு கொடுத்து வண்டி வாங்கியவர் கேட்டால், ‘சர்வீஸுக்கு விடுங்க சார்’ என்பார்கள். விட்டால், வீல் நட்டை இறுக்கும் மெஷினான கன் வைத்து அடித்து அனுப்புவார்கள்! விடாமல் கேளுங்கள். எண் கிலோகிராம் மீட்டரில் இருந்தால் 9.8ஆல் பெருக்குங்கள்.

சாக்கெட்டுக்கும் ரெஞ்சுக்கும் நடுவே நேராக நிற்கும் எக்ஸ்டென்ஷன் போட்டால் அளவு மாறாது. ஆனால் இடுக்கில் நுழைக்க, முனையில் பக்கவாட்டாக நீளும் ஸ்பேனர் தலையை மாட்டினால் மாறும். கைப்பிடி நடுவிலிருந்து ரெஞ்ச் முனைவரை 400 மில்லிமீட்டர், தலை முன்னோக்கி 40 நீள்கிறது என்று வையுங்கள். 100 வேண்டுமென்றால் 400ஐ 440ஆல் வகுத்து, 91இல் வைக்க வேண்டும். அதே தலையைக் கைப்பிடிக்குச் செங்குத்தாகத் திருப்பி மாட்டினால் கணக்கே வேண்டாம், 100தான். கைப்பிடியில் பைப் சொருகுவது மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது.

க்ளிக் கேட்டதும் நிறுத்துங்கள். இன்னொரு அழுத்து வேண்டாம். மரையில் ஆயில் தடவாதீர்கள். போல்ட்டைக் கழற்ற டார்க் ரெஞ்சைத் தொடவே தொடாதீர்கள், அதற்குச் சாதா ஸ்பேனர் போதும். வேலை முடிந்ததும் குறைந்த அளவான 20க்குக் கொண்டுவந்து வையுங்கள், அதற்கும் கீழே திருகாமல். அப்புறம், ட்ரெயின் போல்ட் வாஷர் ஒவ்வொரு முறையும் புதிது.