மழையும் தாங்கணும், விலங்குக்கும் தொந்தரவு ஆகக்கூடாது: ஜியோகேச்சிங் டப்பா வாங்குறது பத்தி கேள்வி-பதில்

இந்த தடவ வந்த கேள்வி எல்லாமே ஜியோகேச்சிங் டப்பா பத்திதான். தெரியாதவங்களுக்காக ஒரே வரி: ஒருத்தர் ஒரு டப்பாவ வெளிய எங்கயாவது மறைச்சு வச்சுட்டு அந்த இடத்தோட ஜிபிஎஸ் எண்ண இணையத்துல போடுவார், மத்தவங்க தேடி கண்டுபிடிச்சு உள்ள இருக்குற லாக் பேப்பர்ல பேர் எழுதிட்டு திரும்ப அதே இடத்துல வச்சுட்டு வரணும். 2000 மே மாசம் அமெரிக்காவுல, ஓரிகன் மாநிலத்துலதான் முதல் டப்பா வச்சாங்க, அது ஒரு பக்கெட், பாதி மண்ணுக்குள்ள புதைச்சிருந்தாங்க, உள்ள ஒரு தகர டின் பீன்ஸ் கூட இருந்துச்சு. இன்னைக்கு விளையாட்டு விதிப்படி நிலத்துக்காரரோட அனுமதி இல்லாம குழி தோண்டி புதைக்கவும் கூடாது, சாப்பாட்டு பொருள் வைக்கவும் கூடாது. சரி, கேள்விக்கு போவோம்.

கேள்வி: காத்து புகாதுனு எழுதியிருந்த டப்பாவத்தான் வாங்கினேன், ஐபி67னு (தூசி, தண்ணி தாங்குறதுக்கான தர எண்) வேற போட்டிருந்துச்சு. ஒரு நல்ல மழைக்கு அப்பறம் போய் பாத்தா உள்ள ஒரு ஸ்பூன் அளவுக்கு தண்ணி. வேர்த்துக்கிட்டதுதான்னு நண்பர் சொல்றார். அப்படி ஆகுமா?

பதில்: ஆகாதுங்க, அது அனேகமா ஒழுகல்தான். கணக்கு போட்டு பாருங்க, 30 டிகிரி வெயில்ல ரொம்ப ஈரமான காத்துல கூட ஒரு லிட்டருக்கு சுமார் 30 மில்லிகிராம் தண்ணிதான் இருக்கும், அது மொத்தமும் வேர்த்து கீழ இறங்கினா கூட ஒரு முழு சொட்டு தேறாது. அதனால டப்பாக்குள்ள தண்ணி தேங்கி நின்னா ஒண்ணு வெளியேருந்து வந்திருக்கு, இல்லன்னா யாரோ மழையில திறந்து நனைஞ்ச கையோட மூடியிருக்காங்க.

இப்ப எப்படி வந்துச்சுனு பாப்போம். வெயில்ல டப்பா உள்ள 45 டிகிரி வரைக்கும் சூடாயிருக்குனு வைங்க, சூட்டுல விரிஞ்ச காத்து கொஞ்சம் வெளிய போயிருக்கும், திடீர்னு மழை புடிச்சு 25 டிகிரிக்கு இறங்குது, உள்ள இருக்குற காத்து சுருங்குது, அழுத்தம் ஒரு 6 சதவீதம் குறையும். கேக்க சின்னதா இருக்கு, ஆனா அந்த டப்பாவ தண்ணிக்குள்ள 60 சென்டிமீட்டர் ஆழத்துல முக்கி வச்சா எவ்ளோ அழுத்துமோ அவ்ளோ இது. மூடியோட ஓரத்துல மழைத்தண்ணி நிக்குற நேரம் பாத்து டப்பா உள்ளேருந்து உறிஞ்சுது. ஒரு நாள் இல்ல, வெயிலும் மழையும் மாறி மாறி வர்ற ஒவ்வொரு நாளும். ஐபி67 டெஸ்ட்ல புது பொருள ஒரு மீட்டர் தண்ணியில 30 நிமிஷம் வைக்கிறாங்க, அந்த தண்ணியும் பொருளும் 5 டிகிரிக்கு மேல வித்தியாசம் இல்லாம இருக்கணும்னு விதி. சூடா இருக்குற டப்பா மேல குளிர்ந்த மழை கொட்டுறத அந்த டெஸ்ட் பாக்கவே இல்ல. அந்த நம்பர் பொய்னு சொல்லல, அது சொல்ற விஷயம் வேற.

அடுத்து, மூடிய திறந்து அந்த ரப்பர் வளையம் இருக்குல்ல, கேஸ்கெட், அத நல்ல வெளிச்சத்துல சாய்ச்சு பாருங்க. பள்ளத்துல ஒரு மணல் துகள், ஒரு காஞ்ச புல்லு, ஒரு முடி இருந்தாலே போதும், அது வழியா தண்ணி ஏறிடும். பெரும்பாலும் என்ன இருக்கும்னா லாக் பேப்பர் வச்ச ஜிப் கவரோட மூலை வெளிய நீட்டிக்கிட்டு மூடிக்கு நடுவுல மாட்டியிருக்கும், தேடி வந்தவங்க அவசரத்துல மூடியிருப்பாங்க. கவர் டப்பாவோட உள்அளவ விட நல்லா சின்னதா இருந்தா இந்த பிரச்சனையே வராது.

வாங்குன உடனே வீட்டுல ஒரு டெஸ்ட் பண்ணிருங்க. உள்ள ஒரு டிஷ்யூ பேப்பரும் முங்குறதுக்கு ஒரு கல்லும் போட்டு மூடுங்க (கல்ல மேல வச்சா அதோட கனமே மூடிய அழுத்தி நல்லா இருக்குற மாதிரி காட்டிரும், அதனால உள்ளதான் வைக்கணும்), கொஞ்ச நேரம் வெயில்ல சூடாக விட்டு அப்படியே குளிர்ந்த தண்ணி பக்கெட்ல அரை மணி நேரம் முக்கி வைங்க. எடுத்து வெளிப்பக்கம் முழுசா துடைச்சதுக்கு அப்பறம்தான் திறக்கணும். டிஷ்யூ ஈரமா இருந்தா அந்த டப்பாவ திருப்பி கொடுத்துருங்க, சரி பண்ணி பாக்கலாம்னு மட்டும் உக்காராதீங்க, ஏன்னா கெடுதல் எல்லாம் அந்த சரி பண்றதுலேருந்துதான் ஆரம்பிக்குது, கீழ சொல்றேன்.

கேள்வி: சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலஞ்சு போட்டா போதாதா?

பதில்: 5 கிராம் பாக்கெட் ஒண்ணு ரொம்ப போனா 2 கிராம் தண்ணிய இழுக்கும், அதோட சரி. ஒழுகுற டப்பாவுக்கு அது எந்த மூலைக்கு? ஒழுகாத டப்பாவுக்கு அது தேவையும் இல்ல. போடணும்னே ஆசைப்பட்டா நீலத்துலேருந்து ரோஸ் கலருக்கு மாறுற வகைய வாங்காதீங்க, அதுல கோபால்ட் குளோரைடு இருக்கு, அது விஷம். டப்பா உடைஞ்சு அந்த மணி எல்லாம் மண்ணுல சிதறிச்சுன்னா பொறுக்கி எடுக்க முடியாது, தரையில கொத்துற பறவைக்கு அது விதை மாதிரிதான் தெரியும்.

கேள்வி: அப்ப எந்த டப்பாதான் வாங்குறது? சின்னது, பெருசு ரெண்டுக்கும் சொல்லுங்க.

பதில்: பெருசுன்னா, எடம் இருந்தா, ராணுவத்துல தோட்டா போட்டு வைக்கிற இரும்பு அம்மோ பெட்டிதான். மூடிக்குள்ள தடியான ரப்பர், ஒரே லீவர்ல அழுத்தி மூடும், கனமா இருக்குறதால சின்ன விலங்கு இழுத்துட்டு போகாது, எலி அணில் கடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. பழசு வாங்கும்போது ரப்பர விரலால அழுத்துங்க, திரும்ப எழும்பணும், வெடிப்பு இருந்தா வேணாம். வெளிய இருக்குற ராணுவ எழுத்த பெயிண்ட் அடிச்சு மறைச்சுட்டு ஜியோகேச்சிங் டப்பானு தெளிவா எழுதுங்க, இல்லன்னா பாக்குறவங்க வெடிகுண்டுனு பயந்துருவாங்க.

நடுத்தரத்துக்கு, நாலு பக்கமும் கிளிப் வச்ச சிலிகான் கேஸ்கெட் டப்பா. இங்க ஒரு முக்கியமான விஷயம், ஏற்கனவே சாப்பாடு வச்ச பழைய டப்பா, பீனட் பட்டர் ஜாடி இதெல்லாம் வேண்டவே வேண்டாம், புதுசு வாங்குங்க. எத்தன தடவ கழுவுனாலும் பிளாஸ்டிக் வாசனைய உள்ள வாங்கி வச்சுக்கும், நமக்கு தெரியாது, விலங்குக்கு தெரியும். வாய் அகலமான ஜாடியோட மூடி தொலைஞ்சு போச்சுன்னா இன்னும் மோசம், சின்ன விலங்கு தலைய உள்ள விட்டுட்டு எடுக்க முடியாம அலைஞ்சு செத்துப்போகுது. திருகு மூடி எதுவா இருந்தாலும் அத டப்பாவோட ஒரு தடியான குட்டைக் கயித்துல கட்டிருங்க.

கலர் விஷயத்துல, பச்சை, பழுப்பு, கருஞ்சாம்பல்னு பிளாஸ்டிக்கே அந்த கலர்ல வர்றதா பாத்து வாங்குங்க. வெள்ளையோ கண்ணாடி மாதிரியோ வாங்கிட்டு மேல பெயிண்ட் அடிச்சா, இந்த டப்பா பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், அதுல பெயிண்ட் ஒட்டாது, செதில் செதிலா உரிஞ்சு மண்ணுலதான் விழும். அந்த பிளாஸ்டிக்குக்கு நேர் வெயிலும் ஆகாது, முதல்ல கிளிப்தான் மொறுமொறுனு உடையும், அதனால நிழல்ல வைங்க, உறிஞ்சுற பிரச்சனையும் அதுலயே பாதி குறைஞ்சுரும்.

சின்னதுக்கு ஓ-ரிங் (உருண்டையான ரப்பர் வளையம்) வச்ச அலுமினிய குழாய், இல்லன்னா குளிர்பான பாட்டில ஊதி பெருசாக்குறதுக்கு முன்னாடி இருக்குற அந்த தடியான குழாய், ப்ரீஃபார்ம்னு சொல்லுவாங்க, ரெண்டும் நல்லா நிக்கும். எத வாங்கினாலும் வாய் கீழ பாக்க தொங்க விடுங்க. பழைய ஃபிலிம் ரோல் டப்பா, குழந்தைங்க திறக்க முடியாத மாத்திரை பாட்டில் ரெண்டும் வேணாம், பெரும்பாலும் ஒழுகும். கண்ணாடி பாட்டில் எந்த சைஸ்லயும் வேணாம்.

கேள்வி: மூடில வாஸ்லின் தடவி, சுத்தி சிலிகான் சீலன்ட் போட்டு, மேல கேமோ டேப் (காட்டு கலர்ல மறைக்குற டேப்) ஒட்டிட்டா பக்காவா இருக்குமா? அடிச்சா நுரையா பொங்கி கெட்டியாகுற ஸ்ப்ரே ஃபோம் கூட நல்லாருக்கும்னு ஒருத்தர் சொன்னார்.

பதில்: ஒவ்வொண்ணா சொல்றேன், ஏன்னா வாங்குற காசு அதிகமா வீணா போறது இங்கதான். வாஸ்லின் பெட்ரோலிய பொருள், இபிடிஎம் ரப்பர், இயற்கை ரப்பர் ரெண்டையும் ஊத வச்சு கெடுத்துரும். அப்ப சிலிகான் கிரீஸ் தடவலாமான்னா கேஸ்கெட்டே சிலிகானா இருந்தா அதையும் இது ஊத வைக்கும். சாப்பாட்டு டப்பா மாதிரி இருக்குறதுல பெரும்பாலும் சிலிகான் கேஸ்கெட்தான், அதுல ஒண்ணுமே தடவாதீங்க, ஈரத்துணியால துடைச்சா போதும். அலுமினிய குழாயோட கறுப்பு ஓ-ரிங் நைட்ரைல் வகைன்னா அதுக்கு மட்டும் சிலிகான் கிரீஸ் லேசா, கையில பட்டா தெரியுற அளவு கூட வேணாம்.

சீலன்ட் பாலிப்ரொப்பிலீன்ல ஒட்டவே ஒட்டாது, சீக்கிரமே பட்டையா உரிஞ்சு வரும். பாத்ரூமுக்குனு விக்குறதுல பூஞ்சை கொல்லி மருந்து வேற கலந்திருக்கும், அத ஏன் காட்டுக்குள்ள கொண்டு போகணும்? அலங்காரத்துக்கு கல்லு, பட்டை ஒட்டியே ஆகணும்னா, அதுவும் ஒட்டுற பரப்பா இருந்தா மட்டும், மீன் தொட்டிக்குனு விக்குற சிலிகான் வாங்கி வீட்டுலயே நாலஞ்சு நாள் வச்சு வாசனை சுத்தமா போனப்பறம் கொண்டு போங்க. வினிகர் வாசனை வர்ற வகைய இரும்பு பெட்டியில போடாதீங்க, துரு புடிக்கும்.

ஸ்ப்ரே ஃபோம் வெயில் பட்டா மஞ்சளாகி உதிர ஆரம்பிச்சுரும், அந்த துணுக்க எலி கடிக்கும், பறவை கொத்தும், மண்ணுல மக்கவே மக்காது. டேப்புக்கு வருவோம். துணி டேப் மழைத்தண்ணிய புடிச்சு வச்சுக்கும், நாளாக ஆக ஓரம் பிரிஞ்சு சுருளும், அப்ப பசைப் பக்கம் வெளிய வருது பாருங்க, அங்க எறும்பு, பூச்சி ஒட்டுது, பூச்சிய புடிக்க வர்ற குட்டிப் பல்லியும் ஒட்டிக்குது, அதால பிச்சுக்கிட்டு வர முடியாது. ஒட்டியே ஆகணும்னா வருஷக்கணக்குல விட்டுட்டு போகாம நீங்க அடிக்கடி போய் பாக்குற எடத்துல மட்டும் ஒட்டுங்க. என்னைக் கேட்டா டேப்பே வேணாம், ஏற்கனவே கீழ விழுந்து கிடக்குற பட்டை, கல்லு ரெண்டையும் முன்னாடி சாத்தி வச்சா போதும். உயிரோட இருக்குற பாசிய பிச்சு மூடாதீங்க.

கேள்வி: எறும்பு வராம இருக்க உள்ள ரெண்டு நாப்தலின் உருண்டை போடலாமா?

பதில்: கூடாது. நாப்தலின் விஷம், வாசனை மூடி தாண்டி வரும், குழந்தைங்க வேற அந்த டப்பாவ திறக்குறாங்க. பூச்சி சாக்பீஸ், ஸ்ப்ரேயும் இதே கதைதான். எறும்பு வாசனைக்கோ ஈரமில்லாத பொந்துக்கோதான் வரும், அதனால சாப்பாடு, மிட்டாய் மட்டும் இல்லாம சோப்பு, வாசனை மெழுகுவர்த்தி, லிப் பாம், சென்ட் போட்ட அழிப்பான் எதையும் தேடி வர்றவங்களுக்கு பரிசு பொருளா உள்ள வைக்காதீங்க. விலங்கு கடிச்சு பிச்சுப்போட்ட டப்பான்னா முதல்ல உள்ள என்ன வச்சிருந்தீங்கனு பாருங்க, அனேகமா பதில் அங்கயே கிடைக்கும்.

கேள்வி: பிவிசி பைப்ப நட்டு உள்ள டப்பாவ இறக்கி, மேல வலை போட்டு மறைக்கலாம்னு இருக்கேன். நல்ல ஐடியாவா?

பதில்: தயவுசெஞ்சு ரெண்டையும் விட்டுருங்க. அமெரிக்காவுல நெவாடா மாநிலத்துல சுரங்க நிலத்தோட எல்லைய காட்ட வெள்ளை பிவிசி பைப்ப ஆயிரக்கணக்குல நட்டு வச்சிருந்தாங்க, மேல வாய் திறந்து கிடந்துச்சு. மரப்பொந்துல கூடு கட்டுற சின்ன பறவைங்க பொந்துனு நினைச்சு உள்ள இறங்கும், வழவழனு இருக்குற சுவர்ல காலு புடிக்காது, உள்ள சிறகு விரிக்க இடம் இல்ல, அப்படியே பட்டினியில செத்துப்போச்சு. ஒரே பைப்புக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணா பறவை எலும்பு கிடந்துச்சு. உங்க பைப்புக்கு மூடி இருக்குனு சொல்லுவீங்க, தேடி வர்றவர் ஒருத்தர் மூடிய சரியா போடாம போனா அதுவும் அந்த பைப்புதானே. குழாய் வாங்கியே ஆகணும்னா படுக்க வைங்க, ரெண்டு பக்கமும் அடைச்சிருக்கணும்.

நைலான் வலையில பாம்பு மாட்டுச்சுன்னா பின்னால வரத் தெரியாது, முன்னால போகப் போக செதிலுக்கு அடியில இறுகிக்கிட்டே இருக்கும். மீன் தூண்டில் நரம்புல டப்பாவ தொங்க விடுறதும் அதே மாதிரிதான், பறவை காலுல சுத்திக்கும். தொங்க விடணும்னா கண்ணுக்கு நல்லா தெரியுற தடியான கயிறு, அதுவும் மரம் பெருக்குறப்போ இறுக்காத மாதிரி தளர்வா. ஆணி அடிக்காதீங்க.

கேள்வி: லாக் பேப்பர்?

பதில்: தண்ணி தாங்குற பேப்பர், ரைட் இன் தி ரெயின் மாதிரி, கூட ஒரு பென்சில். ஜெல் பேனாவும் இங்க்ஜெட் பிரிண்ட்டும் ஈரம் பட்டா பெரும்பாலும் கரைஞ்சுரும், லேசர் பிரிண்ட் நிக்கும்.

கேள்வி: டப்பா வச்ச பொந்துல இப்ப ஒரு பறவை கூடு கட்டியிருக்கு, முட்டையும் இருக்கு. டப்பாவ மட்டும் மெதுவா எடுத்து வேற எடத்துல வச்சிரலாமா?

பதில்: கைய விடாதீங்க, டப்பா அங்கயே இருக்கட்டும். இன்னைக்கே அந்த கேஷ (இணையத்துல நீங்க போட்ட டப்பா பதிவு) தற்காலிகமா நிறுத்தி வைங்க, அப்பதான் தேடி ஆள் வர்றது நிக்கும், காரணத்தையும் எழுதுங்க, எந்த பக்கம் போகக்கூடாதுனு தெரியணும். குஞ்சு பறந்து போய் கூடு காலியானப்பறம் போய் எடுங்க, அடுத்த தடவ பொந்துக்குள்ள வைக்காம கல்லுக்கு பக்கவாட்டுல தரைய ஒட்டி வைங்க, தண்ணி ஓடுற பள்ளமா மட்டும் இருக்கக்கூடாது. குளவி கூடு கட்டியிருந்தாலும் இதேதான், மருந்து அடிக்க வேணாம், அது காலி பண்ணிட்டு போற வரைக்கும் கேஷ் மூடியே இருக்கட்டும்.