60,000 ரூபாயில் வீட்டு ரெக்கார்டிங் கம்ப்யூட்டர்: எதில் காசு போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது?

கேள்வி: காரிமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம் சார். எங்கள் வீட்டில் தலைமுறையாகப் பம்பை, உடுக்கை வாசிக்கிறோம். அம்மன் பாட்டுகளை வீட்டிலேயே பதிவு செய்து, மிடி கீபோர்டில் (கம்ப்யூட்டரில் உள்ள கருவி ஒலிகளை வாசிக்கும் கீபோர்டு) கொஞ்சம் பின்னணி இசை சேர்த்து யூடியூபில் போட ஆசை. கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. மானிட்டரும் மிடி கீபோர்டும் ஏற்கெனவே உண்டு. தருமபுரியில் ஒரு கடையில் 58,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள்: ஐ7-4770 பிராசஸர், 8 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க், கலர் லைட் கேபினட், கூடவே ஒரு கண்டென்சர் மைக். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இந்தப் பட்டியல் கேம் விளையாடுகிறவருக்குப் போட்டது. அவருக்கே இது பழசு. உங்கள் வேலைக்குத் தேவையான பொருள் ஒன்று இதில் இல்லவே இல்லை. தேவையில்லாத ஒன்றுக்கு நிறையப் பணம் போகிறது.

முதலில் அந்த ஐ7. பெயரில் 7 இருப்பதால் பெரிய பிராசஸர் என்று நினைத்துவிடாதீர்கள். கோடுக்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள். 4770 என்றால் நான்காம் தலைமுறை, 2013-ல் வந்தது. ஐ5-12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022-ல் வந்தது. பெயரில் 5 இருந்தாலும் இரண்டாவதுதான் வெகுவாக உசத்தி. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட இன்டெல் பக்கம் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஆக 4770-ஐ இன்று வாங்கினால் முதல் நாளே காலாவதியான மெஷினோடு ஆரம்பிக்கிறீர்கள்.

இசைக்குப் பிராசஸர் எப்படி உழைக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றவை தானாகப் புரியும். கம்ப்யூட்டர் ஒலியைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக வாங்குகிறது. இதற்குப் பஃபர் என்று பெயர். நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் அளவீடு) என்று பதிவு செய்யும்போது பஃபரை 128 சாம்பிள் என்று வைத்தால், ஒரு பொட்டலத்தின் நீளம் 2.67 மில்லி செகண்ட். அதற்குள் எல்லா டிராக்கையும் (தனித்தனியாகப் பதிந்த ஒலி), ரிவர்ப் (எதிரொலி), கம்ப்ரசர் (ஒலி ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது) என்ற எஃபெக்டுகள் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு முடித்தாக வேண்டும். ஒரே ஒரு தடவை தவறினாலும் பாட்டின் நடுவில் 'டிக்' என்று ஒரு சத்தம் விழும். சரி, பஃபரைக் கூட்டிவிடலாமே என்றால், தாமதம் கூடும். 512 வைத்தால் பொட்டலம் ஒன்றுக்கு 10.67 மில்லி செகண்ட். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று சேர்த்தால் 21-ஐத் தாண்டிவிடும். நீங்கள் உடுக்கையைத் தட்டியதும் அது ஹெட்போனில் ஏழு மீட்டர் தள்ளி யாரோ தட்டுவது போல வந்து சேரும். தாளம் பிடிக்கிற கை அதைத் தாங்காது.

ஒரு டிராக்கில் வரிசையாகப் போட்ட எஃபெக்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும். அந்த வரிசையைப் பெரும்பாலும் பிராசஸரின் ஒரே கோர்தான் (கணக்குப் போடும் அலகு) சுமக்கும். அதனால் எத்தனை கோர் என்பதைவிட, ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பது முக்கியம். ஐ5-12400-ன் உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ், ஆறு கோர். அதன் தம்பி ஐ3-12100-க்கு 4.3 கிகாஹெர்ட்ஸ், நான்கு கோர். ஒற்றைக் கோர் வேகத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. என் தேர்வு 12400. பணம் முட்டினால் யோசிக்காமல் 12100-க்கு இறங்குங்கள். பம்பை, உடுக்கை, குரல், நாலைந்து மிடி டிராக் என்ற உங்கள் வேலைக்கு அதுவே தாங்கும். ஏஎம்டி பக்கம் போனால் ரைசன் 5 5600ஜி நல்ல பிராசஸர். எதை வாங்கினாலும் பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். 12400எஃப் என்று எஃப் ஒட்டியிருந்தால் அதில் டிஸ்பிளே வராது, தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டிவரும். எஃப் இல்லாததை வாங்குங்கள்.

கிராபிக்ஸ் கார்டை அப்படியே அடித்துவிடுங்கள். பாட்டுப் பதிவுக்கு அது எந்த உதவியும் செய்யாது. ஃபேன் சத்தமும் சூடும்தான் மிச்சம். அந்தப் பணத்தில்தான் கொட்டேஷனில் விடுபட்ட பொருள் வர வேண்டும்: ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்னப் பெட்டி.

இதில் மட்டும் சமரசம் வேண்டாம் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். கம்ப்யூட்டரின் மைக் சாக்கெட்டில் நேராகச் செருகினால் இரைச்சலும் தாமதமும் சேர்ந்து வரும். கடைக்காரர் போட்ட கண்டென்சர் மைக்கும் அநேகமாக அந்தச் சாக்கெட்டில் செருகுகிற வகையாகத்தான் இருக்கும். நீங்கள் பாடும்போதே பக்கத்தில் ஒருவர் பம்பை வாசிப்பார், அதனால் இரண்டு மைக் செருகும் இன்டர்ஃபேஸ் வேண்டும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவில் மைக் இடம் ஒன்றுதான். அதே வரிசையில் 2ஐ2-வில் இரண்டு. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் பெஹ்ரிங்கர் யூஎம்சி202எச்டி எடுங்கள். அதிலும் இரண்டு இடம் உண்டு, அதற்கென்று சொந்த ஏசியோ டிரைவரும் (இன்டர்ஃபேஸைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் சாஃப்ட்வேர்) உண்டு. அந்த டிரைவர்தான் விண்டோஸின் வழக்கமான ஒலிப் பாதையைத் தவிர்த்துவிட்டுத் தாமதத்தைக் குறைக்கிறது. அதைவிட மலிவான யூஎம்சி22-க்குச் சொந்த டிரைவர் கிடையாது, பொது டிரைவரை நம்பித்தான் ஓட்ட வேண்டும். அந்தக் கொஞ்சப் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு வசதி இருக்கும். அதைப் போட்டால் மைக்கில் வருவது கம்ப்யூட்டருக்குள் சுற்றாமல் நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். பம்பையும் குரலும் பதியும்போது இதைப் பயன்படுத்தினால் பஃபர் கவலையே இல்லை. மிடி கீபோர்டு வாசிக்கும்போது மட்டும் பஃபரை 128-க்கு இறக்குங்கள். கடைசியில் மிக்ஸ் செய்யும்போது 512 அல்லது 1024-க்கு ஏற்றிவிடலாம்.

மைக் விஷயத்தில் என் கருத்து, உங்களுக்கு கண்டென்சர் வேண்டாம். தேசிய நெடுஞ்சாலை 44 காரிமங்கலம் வழியாகத்தான் போகிறது. லாரி ஹாரன், பக்கத்து வீட்டுச் சேவல், மேலே சுற்றும் ஃபேன் என்று எல்லாவற்றையும் கண்டென்சர் அள்ளிக்கொண்டு வந்துவிடும். டைனமிக் மைக்கை (மேடையில் பாடகர்கள் கையில் பிடிக்கும் வகை) கிட்டத்தில் வைத்துப் பதிந்தால் கருவியின் சத்தம் முன்னால் நிற்கும். பம்பை மாதிரி ஓங்கி ஒலிக்கும் கருவிக்கு அதுதான் பொருத்தமும்கூட. இன்டர்ஃபேஸில் கெயினை (மைக் ஒலியை ஏற்றும் அளவு) குறைத்து, உச்ச அடியே மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வைத்து 24 பிட்டில் பதியுங்கள். ஒலி சன்னமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், பிறகு ஏற்றிக்கொள்ளலாம். அடி உடைந்து பதிந்துவிட்டால்தான் திருத்த வழியில்லை. ஷ்யூர் எஸ்எம்58 வாங்குவதாக இருந்தால் போலிகள் ஏராளம், அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். ஹெட்போன் காதை முழுதாக மூடுகிற வகையாக இருக்கட்டும். ஆடியோ டெக்னிகா எம்20எக்ஸ் போதும். ஸ்பீக்கர் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

ரேம் 16 ஜிபி, 8 ஜிபி குச்சிகளாக இரண்டு. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடப்பதால் 32-க்கு ஆசைப்பட வேண்டாம். இன்டெல் பிராசஸருக்கு மதர்போர்டு எச்610, டிடிஆர்4 ரேம் போடும் வகை. ஹார்ட் டிஸ்குக்குப் பதில் 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. சுற்றுகிற டிஸ்கின் உறுமல்கூட மைக்கில் ஏறும். 48,000-ல் 24 பிட் மோனோ டிராக் ஒன்று நிமிஷத்துக்குச் சுமார் 8.6 எம்பிதான் பிடிக்கும், அதனால் 500 ஜிபி நீண்ட நாள் வரும். முடிந்த பாட்டுகளை வெளி டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.

கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் என்ற மின்சப்ளை யூனிட்டை மறுத்துவிடுங்கள். 80 பிளஸ் வெண்கல (Bronze) முத்திரையுள்ள 450 வாட் தாராளம், கிராபிக்ஸ் கார்டு இல்லாத இந்த மெஷின் அதில் பாதிகூட இழுக்காது. 600 விஏ யுபிஎஸ் ஒன்றும் கட்டாயம். பக்கத்துத் தோட்டத்தில் போர்வெல் மோட்டார் போடும்போது லைட் மங்குகிற ஊரில் அது இல்லாமல் பதிவுக்கு உட்காராதீர்கள். ஹெட்போனில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்டால் முதலில் வீட்டு எர்த்தைச் சோதியுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்யுங்கள், பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் உடைத்துவிட வேண்டாம். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போதும் இதே முனகல் வரும்.

கேபினட்டுக்கு லைட் வேண்டாம், முன்பக்கம் வலை போட்டது வேண்டும். சித்திரை வெயிலில் காற்று தாராளமாகப் போனால்தான் உள்ளே ஃபேன் மெதுவாகச் சுற்றும். பெட்டியை மேசைக்கு அடியில், மைக்குக்கு முதுகுப் பக்கமாக வையுங்கள்.

கணக்கு இப்படி: பெட்டிக்கும் யுபிஎஸ்ஸுக்கும் சேர்த்து 40,000-க்குள். இன்டர்ஃபேஸ், மைக், ஹெட்போன், ஸ்டாண்டுக்கு 20,000. பற்றாக்குறை வந்தால் பெட்டியில் குறையுங்கள், 20,000-ல் கை வைக்காதீர்கள். பதிவுக்கும் மிக்ஸுக்குமான சாஃப்ட்வேருக்கு ரீப்பர்: 60 நாள் முழு வசதியோடு சோதிக்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். கிராக் செய்த பிளக்இன் (ரீப்பரோடு சேர்க்கும் துணை சாஃப்ட்வேர்) பக்கம் போக வேண்டாம், வைரஸோடு வரும்.

நம் பக்கத்தில் பலர் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் போய் உதிரியாக வாங்கி வருகிறார்கள். விலை கொஞ்சம் குறையலாம். ஆனால் ஒரு ரேம் மக்கர் செய்தால் மறுபடி பஸ் ஏற வேண்டும். என் யோசனை, அதே தருமபுரிக் கடையில் இந்தப் பட்டியலைக் கொடுத்துப் புதுக் கொட்டேஷன் கேளுங்கள். பெட்டிகளை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரும் பில்லில் இருக்கட்டும். பணம் கொடுக்குமுன் மெஷினை ஆன் செய்து, டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் பெயரை நீங்களே படித்துப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் இன்டர்ஃபேஸை மதர்போர்டின் பின்பக்க யுஎஸ்பியில் நேராகச் செருகுங்கள், முன்பக்கமோ ஹப்போ வேண்டாம். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள். லேட்டன்சிமான் என்ற சாஃப்ட்வேரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டால், எந்த டிரைவர் குறுக்கே நிற்கிறது என்று காட்டிவிடும். பெரும்பாலும் வைஃபைதான் மாட்டும்; பதிவு நேரத்தில் அதை அணைத்துவிடுங்கள்.